நவம்பர் கடைசில மகாபலிபுரம் ஃபேமிலி ட்ரிப், மழை விட்டு விட்டு பெய்யுமாம். லேண்ட்ஸ்கேப் எடுக்க வழி சொல்லுங்க

அண்ணாநகர்_ஆதவன் (இழையை ஆரம்பித்தவர்)

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்லருந்து மச்சான் குடும்பம் ஒரு கல்யாணத்துக்கு சென்னை வர்றாங்க, முகூர்த்தம் முடிஞ்ச கையோட எல்லாரும் சேந்து மகாபலிபுரத்துல மூணு நாள் தங்கலாம்னு ரூம் போட்டாச்சு. அம்மாவும் வர்றாங்க, அவங்களுக்கு மூட்டுவலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. மச்சானோட சின்ன பையனுக்கு நாலு வயசு.

கடற்கரைக் கோயில், அந்த பாறைங்க, குப்பத்து படகுங்க இதெல்லாம் நிதானமா எடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. கையில இருக்கிறது க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா பாடி, 18-55 கிட் லென்ஸ், 55-250 ஒண்ணு, ட்ரைபாட். போன்ல வானிலைய பாத்தா மூணு நாளும் மேகமும் மழையும் இடியும் மாத்தி மாத்தி படம் போட்டிருக்கு, காலைல ஒண்ணு காட்டுது சாயங்காலம் வேற ஒண்ணு காட்டுது. வீட்ல தேதிய தள்ளி வைக்கலாமான்னு கேக்கறாங்க. தள்ளி வைக்கணுமா? போறதா இருந்தா எந்த நேரம் எங்க நிக்கணும்? ஃபேமிலிய ரூம்ல விட்டுட்டு நான் மட்டும் கேமராவோட கெளம்பறதும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

திருவான்மியூர்_அலை

தள்ளி வைக்காதீங்க ப்ரோ. மகாபலிபுரத்துக்கு ஏப்ரல் மே-ல போனா காலைல எட்டு மணிக்கே வெயில் தலைக்கு மேல வந்த மாதிரி அடிக்கும், வானம் வெளுத்து போயிருக்கும், கோயில் கல்லும் மணலும் வானமும் ஒரே கலர்ல தெரியும். நவம்பர்லதான் அந்த எடத்துக்கு வானம்னு ஒண்ணு இருக்கு. மேகம், மேகத்துக்கு நடுவுல விழற வெளிச்சம், ஈரத்துல கருத்துப் போன கல்லு, எல்லாமே இந்த ரெண்டு மாசத்துல கிடைக்கறதுதான்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, விட்டு விட்டு பெய்யற மழை வேற, காத்தழுத்த தாழ்வு மண்டலம் வேற. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரைய கடந்தது மாமல்லபுரம் பக்கத்துலதான். அந்த மாதிரி ஏதாவது கடல்ல உருவாகி, ஆரஞ்சு அலர்ட் ரெட் அலர்ட் குடுத்து, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா அப்ப ரூம கேன்சல் பண்ணிட்டு வீட்ல இருங்க, அதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. சாதாரண மழைன்னா தைரியமா போங்க.

மழைக்கணக்கு

முதல்ல போன்ல வர்ற அந்த மேகம் + மழை படத்த பாக்கறத விடுங்க நண்பா. ஒரு முழு நாளைக்கு ஒரே ஒரு படம் போட்டா அதுல என்ன தெரியும்? சென்னைக்கு வருஷத்துக்கு சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர் டு டிசம்பர் வடகிழக்கு பருவமழைலதான் வருது. ஆனா அது நாள் பூரா கொட்டறதில்ல, கடல்லருந்து பட்டை பட்டையா வரும், ஒரு பட்டை கரைக்கு வந்து இருவது நிமிஷம் நாப்பது நிமிஷம் கொட்டிட்டு உள்நாட்டுக்குள்ள போயிடும், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் அடுத்தது. போட்டோ எடுக்கறவங்களுக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

அத தெரிஞ்சுக்க ஐஎம்டி (இந்திய வானிலை ஆய்வுத் துறை) தளத்துல சென்னை ராடார் இருக்கு, அதோட அனிமேஷன ஓட விட்டு பாருங்க. கலர பாத்து பயப்பட வேணாம், நகர்ற திசைய பாருங்க. கடைசி ஒரு மணி நேரத்துல பட்டை எவ்வளவு தூரம் நகந்திருக்குன்னு கண்ணால அளந்தீங்கன்னா அடுத்தது எப்ப உங்க தலைக்கு மேல வரும்னு ஓரளவு சொல்லிடலாம். அதுக்கு பின்னாடி கடல்ல ஒண்ணும் இல்லாம காலியா இருந்தா, மழை பெஞ்சிட்டு இருக்கும்போதே செருப்ப மாட்டிட்டு ரெடியாகுங்க, நீங்க எடத்துக்கு போய் சேரும்போது மழை நின்னிருக்கும்.

இன்னொரு விஷயம். ஜூன் டு செப்டம்பர்ல சென்னைல மழை பெரும்பாலும் சாயங்காலம், ராத்திரிலதான், பகல் பூரா வெயில் அடிச்சு கடல்காத்து உள்ள வந்து இடி இடிச்சு பெய்யும். வடகிழக்குல அது தலைகீழ், கடலோரத்துல ராத்திரி பின்நேரத்துலருந்து விடியகாலை வரைக்கும்தான் அதிகமா பெய்யற வழக்கம், மதியத்துக்கு மேல கொஞ்சம் வெளுக்கும். எப்பவும் அப்படியேன்னு இல்ல, ஆனா மூணு நாள் இருக்கீங்கன்னா சூரிய உதயத்த மட்டும் நம்பி பிளான் போடாதீங்க. சாயங்காலத்துக்குதான் சான்ஸ் ஜாஸ்தி.

ராயபுரம்_ரீல்

தம்பி, நான் ஃபிலிம் காலத்துலருந்து எடுக்கறவன். உதயத்த விட்டுடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். நவம்பர் கடைசில சூரியன் ஆறேகாலுக்கு கிட்ட வரும், நீங்க அஞ்சே முக்காலுக்கு மணல்ல நிக்கணும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு கிட்ட இருக்கறதால சூரியன் செங்குத்தா ஏறும், இருட்டுக்கும் விடியலுக்கும் நடுவுல இருக்கற அந்த நீல வெளிச்சம் இருவது இருவத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல தங்காது. ஐரோப்பாக்காரன் வீடியோல ஒரு மணி நேரம் நின்னு நிதானமா எடுக்கறத பாத்துட்டு இங்க வந்து நின்னா கேமராவ ட்ரைபாட்ல மாட்டறதுக்குள்ள முடிஞ்சிடும்.

இதுக்கெல்லாம் குடும்பத்த இழுத்துட்டு போகக்கூடாது. அவங்க தூங்கட்டும். நீங்க தனியா போங்க, ஏழரைக்கு திரும்பி வந்து எல்லாரோடயும் இட்லி சாப்பிடுங்க. லேண்ட்ஸ்கேப்ங்கறது தனியா நின்னு செய்யற வேலை.

குரோம்பேட்டை_கீதம்

ராயபுரம் சார், விடியகாலைய பத்தி நீங்க சொல்றது சரி. ஆனா தனியா செய்யற வேலைங்கறத நான் ஒத்துக்க மாட்டேன், கேமராவுக்கு பின்னாடி நிக்கறவங்க சொல்லியே எல்லாரும் கேட்டிருக்கீங்க, கார்ல காத்திருக்கறவங்க சொல்லி கேக்கல, அதனால நான் சொல்றேன்.

எங்க வீட்ல அவருக்கு இதே ஆர்வம்தான். "அஞ்சே நிமிஷம் கீதா, அந்த மேகம் கொஞ்சம் நகரட்டும்"னு எறங்கி போவாரு. கார்ல ஏசி போட்டா கண்ணாடி பூரா ஆவி படியும், போடலன்னா பசங்க வேர்த்து கத்துவாங்க, சின்னவளோட கவுன் நனஞ்சிருக்கும், மாத்து துணி டிக்கில இருக்கற பெட்டிக்கு அடில இருக்கும், மழைல எறங்கி எடுக்கவும் முடியாது. அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாகும். அவர் எடுத்த படம் ரொம்ப நல்லா இருக்கும், பொய் சொல்ல மாட்டேன், ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம். ஆனா எங்க ஆல்பத்த எடுத்து பாருங்க, பசங்க வளந்த எந்த வருஷத்துலயும் அவர் இல்ல, படத்துலயும் இல்ல அந்த எடத்துலயும் இல்ல.

ஆதவன், நீங்க கேள்வி கேக்கும்போதே மனசுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு எழுதிட்டீங்க, அதனாலதான் இவ்வளவு எழுதறேன். முன்னாடியே சொல்லிடுங்க, "சாயங்காலம் நாலே முக்காலுலருந்து ஆறு வரைக்கும் கேமரா நேரம், மத்தபடி நான் உங்களோடதான்"னு. நேரம் தெரிஞ்சா யாரும் கோவப்பட மாட்டாங்க, எப்ப முடியும்னு தெரியாம ஒக்காந்திருக்கறதுதான் கோவத்த கொண்டு வரும். ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு செட் மாத்து துணியும் தனி பையில, டிக்கில இல்ல, சீட்டுக்கு அடில. கடலை உருண்டை, பிஸ்கட், ஃபிளாஸ்க்ல சூடா பால் இல்ல காபி. வயிறு நெறஞ்சிருந்தா மழைய பாத்துட்டே எவ்வளவு நேரம் வேணா ஒக்காருவாங்க.

அண்ணாநகர்_ஆதவன்

கீதம் அக்கா, இத என் வைஃப் கிட்ட படிச்சு காட்டினேன், அவ சொன்னது "இந்த அக்கா சொல்றத மட்டும் கேளுங்க போதும்".

சாயங்காலம்தான் சான்ஸ் ஜாஸ்தின்னா கடற்கரைக் கோயில்ல அப்ப என்ன கிடைக்கும்? சூரியன் கிழக்கால கடல்லருந்து வர்ற காலை நேரத்துக்குதானே அந்த எடம் பேரு போனது?

திருவான்மியூர்_அலை

இங்கதான் விஷயமே இருக்கு ப்ரோ, கொஞ்சம் விவரமா எழுதறேன்.

காலைல நீங்க கோயிலுக்கு மேற்கு பக்கம் நின்னு எடுத்தா சூரியன் கோயிலுக்கு பின்னாடி இருக்கும், கோபுரம் ரெண்டும் கருப்பா உருவம் மட்டும் தெரியும். அழகுதான், ஆனா எல்லாரும் எடுத்தது. அதே எடத்துல அதே பக்கம் பாத்துட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நில்லுங்க. இப்ப சூரியன் உங்க முதுகுக்கு பின்னாடி, ஊர் பக்கத்துல தாழ இறங்கி இருக்கு. கோயிலுக்கு பின்னாடி கடல் மேல அடுத்த மழைப்பட்டை கருப்பா நீலமா ஏறி வருது. மேற்குல மேகம் ஒரு இடத்துல விலகி அந்த மஞ்சள் வெயில் நேரா வந்து கோபுரத்து மேல விழும் பாருங்க, கருமேகத்துக்கு முன்னாடி கல்லு பொன்னா நிக்கும். மதில் மேல வரிசையா ஒக்காந்திருக்கற நந்தி ஒவ்வொண்ணுக்கும் மூக்கு பக்கம் மழைத்தண்ணி சொட்டு நின்னு மின்னும். கீழ தரைல தேங்கின தண்ணில கோபுரம் தலைகீழா தெரியும். இந்த வெளிச்சம் ரெண்டு நிமிஷம் இருந்தாலே பெரிய விஷயம், சில நாள் வரவே வராது. வடகிழக்கு பருவமழைக்கு கிழக்குல கருமேகம், சாயங்காலத்துக்கு மேற்குல சூரியன், இந்த ரெண்டும் ஒண்ணா கிடைக்கற மாதிரி அமைஞ்ச எடம் நம்ம கடற்கரை. கிழக்கு பாத்த கடலோரத்துல இருக்கறவங்களுக்குதான் இந்த வாய்ப்பு.

தொல்லியல் துறை எடம், சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிடுவாங்க. சூரியன் மறையறது அஞ்சு நாப்பது வாக்குல. அதனால நாலே முக்காலுக்கு உள்ள இருங்க. ட்ரைபாட்ட ரூம்லயே வச்சிடுங்க, அனுமதி இல்லாம உள்ள விட மாட்டாங்க. ட்ரோனும் அப்படித்தான், பேச்சே வேணாம்.

செட்டிங் சொல்லணும்னா, பின்னாடி கருமேகம் இருந்தா கேமரா "இருட்டா இருக்கு"ன்னு நெனச்சுட்டு வெளிச்சத்த ஏத்தும், கோயில் கல்லு வெளுத்துடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (கேமரா எடுக்கற வெளிச்சத்த கூட்டி கொறைக்கற செட்டிங்) மைனஸ் ஒண்ணு பக்கம் இறக்குங்க. மேகம் முழுக்க வெள்ளையா மூடின நாள்ல இதுக்கு நேர் எதிர், வானம் பளிச்னு இருக்கறதால தரை இருட்டா விழும், அப்ப வானத்த ஃப்ரேம்ல கொறச்சுடுங்க இல்ல பிராக்கெட்டிங் போட்டு, அதாவது ஒரே காட்சிய வேற வேற வெளிச்ச அளவுல, மூணு ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. ரெண்டுக்குமே ரா ஃபைல்ல (பின்னாடி வெளிச்சத்த திருத்த வசதியான ஃபைல்) எடுங்க. எஃப் 8, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/125க்கு கீழ போகாம பாத்துக்கோங்க, கைலயே நிக்கும்.

பெரம்பூர்_பிரிசம்

அலை சொன்ன அதே நேரத்துல வானவில்லுக்கும் தயாரா இருங்க. வானவில் எப்பவும் சூரியனுக்கு நேர் எதிர்ல 42 டிகிரி வட்டத்துல வரும். சூரியன் வானத்துல 42 டிகிரிக்கு மேல இருந்தா தரைல நிக்கறவங்களுக்கு தெரியாது. நவம்பர் கடைசில நம்ம ஊருக்கு கணக்கு போட்டா காலைல சுமார் ஒம்பதரைக்கு முன்னாடி, மதியம் ரெண்டரைக்கு அப்புறம். காலைல வந்தா மேற்குல, ஊர் பக்கம், கட்டடத்துக்கு மேல வரும். சாயங்காலம் வந்தா கிழக்குல கடலுக்கு மேல. உங்க நிழல் எந்த பக்கம் விழுதோ அந்த பக்கம் பாருங்க, வேற எங்கயும் தேட வேணாம்.

சூரியன் தாழ இருக்கும்போது வில்லு ரொம்ப பெருசா இருக்கும், உங்க 18 எம்எம்-ல முழு வில்லும் அடங்காது. போன்ல அல்ட்ராவைட் இருந்தா அதுல அடங்கிடும். இல்ல, ஒரு கால் மட்டும் கடல்ல எறங்கற எடத்த 55-250ல இழுத்து எடுங்க, கீழ ஒரு படகு இருந்தா போதும், எனக்கு அதுதான் முழு வில்ல விட பிடிக்கும். போலரைசர் (லென்ஸ் முன்னாடி மாட்டற, பளபளப்ப கொறைக்கற ஃபில்டர்) மாட்டியிருந்தா பாத்து திருப்புங்க, வானவில் வெளிச்சம் போலரைஸ் ஆனது, ஒரு பக்கம் திருப்பினா கலர் தூக்கலா வரும், இன்னொரு பக்கம் திருப்பினா வில்லு காணாமயே போயிடும்.

சோழிங்கநல்லூர்_சிக்னல்

நம்மகிட்ட போன் மட்டும்தான் இருக்கு, அதுல எடுக்கறவங்களுக்கும் சேத்து சொல்றேன். மழைல போன் படம் மங்கலா வர்றதுக்கு பாதி காரணம் லென்ஸ் மேல இருக்கற விரல் எண்ணெயும் உப்புக் காத்தும்தான், பனியன் துணி ஒண்ணு வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் தொடச்சிட்டு எடுங்க. கோயில் மேல விரல அழுத்தி பிடிச்சு லாக் பண்ணிட்டு வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுங்க. ஐபி68னு போட்டிருக்கேன்னு கடல் தண்ணில முக்காதீங்க, அந்த சோதனையெல்லாம் நல்ல தண்ணிக்கு. உப்புத்தண்ணி பட்டா நல்ல தண்ணி நனச்ச துணியால தொடச்சிடுங்க, ஈரம் காயற வரைக்கும் சார்ஜர் சொருகாதீங்க.

கலங்கரை விளக்கம் இருக்கற குன்று மேல பாறைல சின்ன சின்ன குழி நிறைய இருக்கும், மழைக்கு அப்புறம் அதுல தண்ணி நிக்கும். போன தலைகீழா புடிச்சு லென்ஸ தண்ணி பக்கத்துல கொண்டு போனா ஒரு சாண் அகல குழி ஏரி மாதிரி தெரியும், அதுல வானம் பூரா விழுந்திருக்கும். காத்து அடிச்சா கலங்கிடும், உடம்பால மறச்சுட்டு எடுக்கணும். பாறை வழுக்கும், பசங்கள கைய புடிச்சு கூட்டிட்டு போங்க.

ஷட்டர்_சர்வீஸ்

கேமரா ரிப்பேர் பண்றதுதான் என் தொழில், ஜனவரி ஆனா கடைக்கு வர்றதுல பாதி இந்த மாதிரி ட்ரிப் போயிட்டு வந்த லென்ஸுங்கதான். ரெண்டு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க சார்.

ஒண்ணு ஏசி. ரூம்ல பதினெட்டுல வச்சு தூங்கிட்டு காலைல கேமராவ அப்படியே வெளிய எடுத்துட்டு வந்தா வெளிய இருக்கற ஈரக்காத்து பட்ட உடனே லென்ஸ் பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். தொடச்சா திரும்ப வரும், ஏன்னா கண்ணாடி இன்னும் ஜில்லுனு இருக்கு. நீங்க உதயத்துக்கு போன அந்த இருவது நிமிஷம் இதுலயே போயிடும். அதுக்கு என்ன பண்ணணும்னா கேமராவ ஜிப்லாக் கவர்ல போட்டு காத்த பிதுக்கி மூடி, பைக்குள்ள வச்சு, கெளம்பறதுக்கு அரை மணி முன்னாடி ஏசி இல்லாத எடத்துல வச்சிடுங்க. ஈரம் கவருக்கு வெளில படியும், உள்ள படியாது. கேமரா வெளிய இருக்கற சூட்டுக்கு வந்த அப்புறம் தொறங்க. கார் ஏசிக்கும் இதே கதைதான், கேமராவ ஏசி வென்ட்டுக்கு நேரா மடில வச்சுட்டு போகாதீங்க.

ரெண்டு உப்பு. கடலோரத்துல நின்னா அலை மேல படலன்னாலும் காத்துல உப்பு வந்து ஒட்டும். காஞ்ச துணியால தேச்சா அந்த உப்பு படிகம் கண்ணாடிய கீறும். முதல்ல ப்ளோயர்ல ஊதணும், அப்புறம் லேசா நனச்ச துணி, அப்புறம் காஞ்ச துணி. ஜூம் ரிங்க திருப்பினா நறநறன்னு சத்தம் வந்துச்சுன்னா உள்ள மணல் போயிருக்கு, அதோட திருப்பாதீங்க, கொண்டு வந்து குடுங்க. பீச்ல நின்னு லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க, கார்க்குள்ள வச்சு மாத்துங்க.

திரும்பி வந்து பைய அலமாரில அப்படியே வச்சு மறந்துடாதீங்க. ஈரப்பையில மாசக்கணக்குல இருந்தா லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிக்கும். டார்ச் அடிச்சு பாத்தா கண்ணாடி ஓரத்துலருந்து மெல்லிசா வெள்ளை நூல் கிளை கிளையா நடுவுக்கு வரும். ஆரம்பத்துல வந்தா சுத்தம் பண்ணிடலாம், கோட்டிங்க தின்னுடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசில போடாதீங்க, மாவும் தூசியும்தான் உள்ள போகும்.

மழைக்கணக்கு

இடி பத்தி யாரும் சொல்லல, அதனால. மின்னல பாத்ததுலருந்து சத்தம் கேக்கற வரைக்கும் செகண்ட எண்ணி மூணால வகுத்தா எத்தன கிலோமீட்டர்னு தெரியும். முப்பது செகண்டுக்குள்ள சத்தம் வந்துட்டா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, உடனே கார்க்கோ கட்டடத்துக்கோ போயிடணும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளிய வரக்கூடாது. வெட்டவெளி மணல்ல நீங்கதான் உயரமா நிக்கற ஆள். மின்னல படம் எடுக்கணும்னு ஆசை இருந்தா ரூம் ஜன்னல்லருந்து எடுங்க.

அதே மாதிரி கோயிலுக்கு பின்னாடி அலை தடுக்க கொட்டியிருக்கற பாறைங்க மேல பசங்கள ஏத்தாதீங்க. பருவமழை நேரத்துல கடல் சும்மா இருக்கற மாதிரி இருந்துட்டு திடீர்னு ஒரு பெரிய அலை வரும்.

அண்ணாநகர்_ஆதவன்

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். மூணு நாளும் மேகம் மூடியே இருந்து வெயிலே வரலன்னா என்ன பண்றது? ஆப்ல வானத்த மாத்தற வசதி இருக்கே, அத போடலாமா? அப்புறம் அம்மாவ எங்க கூட்டிட்டு போறது?

ராயபுரம்_ரீல்

வானத்த மாத்தாதீங்க தம்பி, இத நான் கெஞ்சியே கேக்கறேன். இந்த ஆப் போடற வானம் எந்த ஊர்லயோ எவனோ எடுத்தது. கோயில் மேல மேகமூட்டத்தோட நிழலில்லாத வெளிச்சம் இருக்கும், பின்னாடி செக்கச்செவேல்னு அஸ்தமனம் இருக்கும், அதுவும் கிழக்குல கடல் மேல சூரியன் மறையும்! நம்ம ஊர்க்காரன் எவன் பாத்தாலும் நெஞ்சு பதறும். அன்னைக்கு மழை பெஞ்சுதுன்னா மழை பெஞ்சதுதான் உங்க படம். இருக்கற மேகத்துக்கு கான்ட்ராஸ்ட் ஏத்துங்க, நிழல தூக்குங்க, அதெல்லாம் டார்க் ரூம்லயே நாங்க செஞ்சதுதான்.

மூடின வானத்துக்குன்னு தனியா பாடம் இருக்கு. அர்ஜுனன் தபசு கிழக்கு பாத்தது, சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். வெயில் நாள்ல காலைல நேரா அடிக்கற வெளிச்சத்துல செதுக்கல் தட்டையா போயிடும், கொஞ்சம் தாண்டினா மேல ஒரு பாதி வெயில் கீழ ஒரு பாதி நிழல்னு பாறை ரெண்டா கிழிஞ்சு தெரியும். மேகம் மூடின நாள்ல அந்த பிரச்சனையே இல்ல, எப்ப வேணா போகலாம். மழை நின்ன உடனே போனா நடுவுல இருக்கற வெடிப்புல ஈரம் எறங்கி கருத்திருக்கும், கங்கை எறங்கி வர்றதா செதுக்கின எடம் அது. நாக உருவங்க நனஞ்சு மினுமினுன்னு நிக்கும். அந்த வெடிப்ப மட்டும் 55-250ல இழுத்து செங்குத்தா எடுங்க. போலரைசர் இருந்தா கல்லு மேல இருக்கற வெள்ளை பளபளப்ப கொஞ்சமா வெட்டுங்க, முழுசா வெட்டினா ஈரமே தெரியாது.

அப்புறம் குப்பத்துல ஃபைபர் படகுங்க. நீலம், ஆரஞ்சு, பச்சை. வெயில்ல கண்ண பறிக்கும், சாம்பல் வானத்துக்கு கீழதான் அந்த கலர் சரியா நிக்கும். வலை பின்னிட்டு ஒக்காந்திருக்கறவங்கள எடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல போய் ஒரு வார்த்த கேளுங்க. கடலுக்கு போகக்கூடாதுன்னு எச்சரிக்கை இருக்கற நாள்ல அவங்களுக்கு பொழப்பு இல்ல, நமக்கு அது அழகான மேகம். அந்த மரியாதையோட பேசுங்க.

குரோம்பேட்டை_கீதம்

அம்மாவுக்கு: கடற்கரைக் கோயில் டிக்கெட் எடுக்கற எடத்துலருந்து கொஞ்சம் நடக்கணும், ஆனா பாதை சமதளம், படி ஏற வேண்டியதில்ல, மெதுவா கூட்டிட்டு போயிடலாம். பஞ்சரதம் பக்கம் தரை மணலா இருக்கும், மழைல கால் புதையும், யாராவது கைய புடிச்சுக்கணும். வெண்ணெய் உருண்டை பாறை ரோட்லருந்தே தெரியும், கார்ல ஒக்காந்தே பாக்கலாம். அர்ஜுனன் தபசும் ரோட்டோரம்தான். கலங்கரை விளக்கம் குன்று வேணவே வேணாம்.

அவங்கள ஓரமா ஒக்கார வச்சுட்டு நீங்க எடுக்க போகாதீங்க, படத்துக்குள்ள வைங்க. கைல ஒரு குடை குடுத்து கோயில பாக்க நிக்க சொல்லுங்க, முகம் கூட தெரிய வேணாம், முதுகு பக்கத்துலருந்து. அலை சொன்ன அந்த கருமேகத்துக்கு முன்னாடி, அவ்ளோ பெரிய கல்லுக்கு கீழ உங்க அம்மா சின்னதா குடையோட.

ராயபுரம்_ரீல்

மேல நான் தனியா செய்யற வேலைன்னு எழுதினேன். கீதம் அம்மா சொல்ற இந்த படத்துக்கு ஆள் இல்லாம முடியாது, ஒத்துக்கறேன். ஆள் இல்லாத எடத்துல கோயிலோட உயரம் எவ்வளவுன்னு பாக்கறவனுக்கு தெரியாது, ஒரு குடை இருந்தா தெரியும். கருப்பு குடை வேணாம், மேகத்தோட கலந்துடும். சிவப்பு இல்ல மஞ்சள் எடுத்துட்டு போங்க. காலைல தனியா, சாயங்காலம் எல்லாரும், அப்படி பிரிச்சுக்கோங்க.

பெரம்பூர்_பிரிசம்

பசங்க இருக்காங்கன்னா போற வழில பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த சுத்திட்டு போங்க. தண்ணி அளவு சரியா இருந்தா பூநாரை கூட்டமா நிக்கும், ரோட்டோரத்துலருந்தே தெரியும், ஆனா வண்டிய பாத்து ஓரம் கட்டணும். வேடந்தாங்கல் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நவம்பர்ல ஏரில தண்ணி வந்துச்சான்னு கேட்டுட்டு போங்க. மூணு நாள்ல பழவேற்காடு வரைக்கும் இழுக்க வேணாம், அது சென்னைக்கு அந்தப்பக்கம், தனியா ஒரு நாள் வேணும்.

திருவான்மியூர்_அலை

+1. வானிலை மாறிட்டே இருக்கும்போது நீங்களும் எடம் மாறிட்டே இருந்தா ஒண்ணும் கிடைக்காது. முட்டுக்காட்ல வெயில் வந்துச்சாம்னு அங்க ஓடினா நீங்க போறதுக்குள்ள அங்க மழை வந்திருக்கும், இங்க வெயில் அடிச்சிருக்கும். மகாபலிபுரத்துல ரூம் போட்டிருக்கீங்க, நடந்து போற தூரத்துல எல்லாமே இருக்கு. ஒரே எடத்துக்கு மூணு சாயங்காலமும் போங்க, மூணு நாளும் வேற வேற வானம் கிடைக்கும்.

அண்ணாநகர்_ஆதவன்

சரி, இப்படி முடிவு பண்ணியிருக்கேன். ட்ரிப் தள்ளி வைக்கல, ஆரஞ்சு அலர்ட் வந்தா மட்டும் கேன்சல். விடியகாலை ராடார்ல கடல் காலியா இருந்தா நானும் மச்சானும் மட்டும் பீச்சுக்கு, இல்லன்னா நல்லா தூங்கிட்டு எல்லாரோடயும் டிபன். பகல்ல கேமரா பையிலயே இருக்கும். சாயங்காலம் நாலே முக்காலுக்கு எல்லாரும் கோயில்ல. அம்மாகிட்ட குடை விஷயத்த சொன்னேன், "எந்த புடவை கட்டணும்"னு இப்பவே கேக்கறாங்க. ஜிப்லாக் கவர் பெருசா வாங்கிட்டேன்.

மழைக்கணக்கு நண்பா, ராடார் பாத்து முடிவெடுக்க எனக்கு இன்னும் பழக்கம் இல்ல. முதல் நாள் மதியம் மூணு மணிக்கு ஸ்க்ரீன்ஷாட் இங்க போட்டா பாத்து சொல்லுவீங்களா?

மழைக்கணக்கு

போடுங்க, பாத்து சொல்றேன். ஒரு ஸ்க்ரீன்ஷாட் பத்தாது, அரை மணி இடைவெளில ரெண்டு எடுத்து போடுங்க, அப்பதான் பட்டை எந்த பக்கம் நகருதுன்னு சொல்ல முடியும்.

குரோம்பேட்டை_கீதம்

அம்மாவுக்கு மாம்பழக் கலர் இல்ல அரக்கு. மழைல கனமாகாத மாதிரி சிந்தெடிக்கா பாத்து கட்ட சொல்லுங்க. படம் எடுத்ததும் இங்க போடுங்க.